பென்ஷனுக்கு முன்பே பேப்பர் போட்ட எஞ்சினியர்: விஸ்வேஸ்வரய்யா அரசு வேலையை ஏன் விட்டார், விட்டபின் என்ன ஆனார்?

பெங்களூரு மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் மெஜஸ்டிக்கில் ஏறி ஒயிட்ஃபீல்டு பக்கம் போகிறவர்களுக்கு அடுத்து வரும் ஸ்டேஷனின் பெயர் தெரிந்திருக்கும்: சர் எம். விஸ்வேஸ்வரய்யா, சென்ட்ரல் காலேஜ். பையப்பனஹள்ளியில் 2022ல் திறந்த ஏ.சி. ரயில் முனையத்துக்கும் அவர் பெயர்தான். கஸ்தூர்பா சாலையில் உள்ள அறிவியல் அருங்காட்சியகம், பெலகாவியில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நகரின் மேற்கே ஒரு பெரிய லேஅவுட் என்று கர்நாடகத்தில் திரும்பிய பக்கமெல்லாம் இந்தப் பெயர் உண்டு. செப்டம்பர் 15 வந்தால் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எஞ்சினியர்ஸ் டே வாழ்த்தோடு வெள்ளைத் தலைப்பாகை கட்டிய ஒரு தாத்தா படம் வரும். அவரேதான்.

கூடவே ஒரு கதையும் வரும். அரசு மெழுகுவர்த்தி, சொந்த மெழுகுவர்த்தி என்று இரண்டு வைத்திருந்தார், ஆபீஸ் வேலை முடிந்ததும் அரசு மெழுகுவர்த்தியை அணைத்துவிடுவார் என்கிற கதை. அதைவிட இன்றைய பெங்களூருவுக்குப் பொருத்தமான ஒரு விஷயம் அவர் வாழ்க்கையில் இருக்கிறது. ஆனா அது ஃபார்வர்டில் வருவதில்லை. நல்ல சம்பளமும் நல்ல பெயரும் இருந்த ஒரு அரசு தொழில்நுட்ப வேலையை, முழு ஓய்வூதியத்துக்கான சேவைக்காலம் முடியும் முன்பே அவர் விட்டார். பிறகு கிடைத்த அதைவிடப் பெரிய பதவியையும் விட்டார். அதற்குப் பின் நாற்பது வருடத்துக்கும் மேல் ஆலோசகராகவும், கம்பெனி இயக்குநராகவும், தொழில் தொடங்க அலைந்தவராகவும் வாழ்ந்தார்.

இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ., எச்.ஏ.எல்., பி.இ.எல். போன்ற இடங்களில் இருந்துகொண்டு, ஒரு ஸ்டார்ட்அப்போ மல்டிநேஷனலோ கூப்பிட்டால் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் இந்த ஊரில் நிறைய. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்பது அதைவிடப் பெரிய கவலை. விஸ்வேஸ்வரய்யாவின் கதை அவர்களுக்கு விடை தராது. அவர் காலத்துக் கணக்கே வேறு. ஆனாலும் என்னென்ன கணக்குகளைப் போட்டுப் பார்த்தார் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

வேலை கிடைத்த விதம்

இன்றைய சிக்கபள்ளாபுரம் மாவட்டத்தின் முத்தேனஹள்ளி அவர் பிறந்த ஊர். தெலுங்கு பேசும் பிராமணக் குடும்பம். படிப்பு இருந்தது, பணம் இல்லை. சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட, பெங்களூருவில் இருந்த தாய்மாமன் ஆதரவில் வந்து சேர்ந்தார். ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே சென்ட்ரல் காலேஜில் பி.ஏ. முடித்தார். அது 1881. மைசூர் சமஸ்தானம் கொடுத்த உதவித்தொகையில் புனே அறிவியல் கல்லூரிக்குப் போய் எஞ்சினியரிங் படித்து, 1883ல் முதல் இடத்தில் தேறினார்.

அந்தக் கல்லூரியில் முதல் ராங்க் எடுத்தால் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் வேலை நிச்சயம். இன்றைய மொழியில் சொன்னால் கேம்பஸ் பிளேஸ்மென்ட். 1884ல் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார். நாசிக், காந்தேஷ், புனே என்று பணியிடங்கள் மாறின.

அந்த இருபத்து சொச்சம் வருடங்களில் அவர் செய்த வேலைகளில் இரண்டைச் சொன்னால் போதும், ஆள் எப்படி யோசித்தார் என்பது புரிந்துவிடும்.

முதலாவது, சிந்து மாகாணத்தின் சுக்கூர். 1890களின் நடுப்பகுதி. ஊருக்குச் சிந்து நதியில் இருந்து தண்ணீர் கொடுக்க வேண்டும். நதி நீரோ ஒரே சேறு. வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகராட்சியிடம் காசு இல்லை. நதியின் படுகையிலேயே கிணறு தோண்டினார் விஸ்வேஸ்வரய்யா. மணல் வழியாகக் கசிந்து வரும் தண்ணீர் தானாகவே தெளிந்துவிடும். கிணற்றில் இருந்து சுரங்கக் குழாய் வழியாகக் கரைக்குக் கொண்டுவந்து, மேலே ஏற்றி ஊருக்கு விட்டார். நம் ஊர் ஆற்றில் ஊற்று தோண்டிக் குடம் நிரப்பியவர்களுக்கு இதன் தத்துவம் புதிதாக இருக்காது. அதை ஒரு நகரத்தின் அளவுக்கு ஓடவைத்தது எஞ்சினியரிங்.

இரண்டாவது, புனே அருகில் கடக்வாஸ்லா அணை. வெள்ளக் காலத்தில் உபரித் தண்ணீர் கலிங்கு வழியாக வீணாகப் போகும். அணையை உயர்த்திக் கட்டினால் செலவு அதிகம், பழைய சுவர் தாங்குமா என்ற கேள்வியும் இருந்தது. கலிங்கின் மேல் தானியங்கிக் கதவுகளைப் பொருத்தினார். தண்ணீர் குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் கதவுகள் தாமாகத் திறக்கும், மட்டம் இறங்கினால் மூடிக்கொள்ளும். அணையின் உயரத்தைக் கூட்டாமலே கூடுதல் தண்ணீர் சேர்ந்தது. 1903ல் பொருத்தப்பட்ட இந்த அமைப்புக்குக் காப்புரிமையும் எடுத்தார். ராயல்டி மட்டும் வாங்கவில்லை. அரசு வேலையில் இருக்கும்போது, அரசுப் பணிக்காகக் கண்டுபிடித்தது என்பது அவர் நியாயம். இன்று வேலையில் சேரும்போது நாம் படிக்காமலே கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் இதே விஷயம் ஒரு பத்தியாக இருக்கும். அவருக்கு அதை யாரும் எழுதிக் காட்டத் தேவைப்படவில்லை.

1906ல் ஏடனுக்குப் போய் அங்கே குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்லிவிட்டு வந்தார். துறையில் பெயர் உச்சத்தில் இருந்தது. பல மூத்தவர்களைத் தாண்டி மேற்பார்வைப் பொறியாளர் நிலைக்கு வந்திருந்தார்.

அப்புறம் ஏன் விட்டார்?

சுருக்கமாகச் சொன்னால், அதற்கு மேல் ஏற இடம் இல்லை.

அன்றைய பொதுப்பணித் துறையில் இரண்டு வகை எஞ்சினியர்கள். ஒரு வகை இங்கிலாந்தில் இருந்து வந்தவர்கள். இந்தியாவுக்கு எஞ்சினியர்களை அனுப்புவதற்காகவே கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் ஒரு கல்லூரியை 1906 வரை நடத்தினார்கள். இன்னொரு வகை இங்கேயே புனே, ரூர்க்கி, கிண்டி போன்ற இடங்களில் படித்தவர்கள். இருவரும் ஒரே அணையில் வேலை பார்த்தாலும் மேலே போகும் ஏணி ஒன்றல்ல. பம்பாய் மாகாணத்தில் தலைமைப் பொறியாளர் நாற்காலி நடைமுறையில் ஐரோப்பியர்களுக்கானது. ஒரு இந்தியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதற்கு ஒரு படி கீழே நின்றுவிட வேண்டும். அவர் வேகமாக மேலே வந்ததிலேயே துறைக்குள் முணுமுணுப்பு இருந்தது.

அப்ரைசலில் எப்போதும் நல்ல ரேட்டிங் வந்துகொண்டே இருக்கும், புரமோஷன் மட்டும் வராது. இந்த நிலைமை நம்மில் பலருக்குப் பழக்கம்தான். விஸ்வேஸ்வரய்யா அதில் இன்னும் ஏழெட்டு வருடம் உட்கார்ந்திருக்கலாம். மரியாதை இருந்தது, சம்பளம் இருந்தது, புனேயில் கோகலே போன்றவர்களின் நட்பு வட்டம் இருந்தது. ஐம்பதை நெருங்கும் வயது. முழு ஓய்வூதியம் பெற 25 வருட சேவை வேண்டும், அதற்குக் கொஞ்ச காலமே பாக்கி. அந்த நிலையில் 1908ல் நீண்ட விடுப்பில் போய், அப்படியே பணியில் இருந்து விலகினார். காலம் நிறையாவிட்டாலும் அவருடைய சேவையைக் கருதி பம்பாய் அரசு ஓய்வூதியம் கொடுத்தது. ஆனா விலகுவதாக முடிவெடுத்தபோது அவர் கையில் இருந்தது முடியாத சேவைக்காலம்தான்.

இந்த இடத்தில் இன்றைய விதியையும் பார்த்துவிடலாம், ஏன்னா பலர் குழம்புவது இதில்தான். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் மத்திய அரசு ஊழியர் 20 வருட தகுதிச் சேவை முடித்து, 3 மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு பெற்றால் ஓய்வூதியம் உண்டு. அதே ஆள் ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் பழைய சேவைக்காலம் முழுதும் பறிபோய்விடும். வேலையை விடுவது ஒன்றுதான், கடிதத்தில் எழுதும் சொல்லுக்குத்தான் இத்தனை விலை. வேறு அரசு வேலைக்கு அனுமதியோடு போகும் ராஜினாமாவுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2004 ஜனவரி 1க்குப் பின் சேர்ந்தவர்கள் என்.பி.எஸ். திட்டத்தில் இருப்பதால் அவர்கள் கணக்கு வேலை மாறினாலும் கூடவே வரும். ஓய்வு பெற்ற குரூப் ஏ அதிகாரி ஒரு வருடத்துக்குள் தனியார் வேலையில் சேர வேண்டுமானால் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பது தனி விதி.

விஸ்வேஸ்வரய்யாவிடம் அடுத்த வேலைக்கான ஆஃபர் லெட்டர் எதுவும் இல்லை. கையில் காசு சேர்த்திருந்தார், ஐரோப்பாவும் அமெரிக்காவும் பார்க்கக் கிளம்பினார். போன இடத்தில் எல்லாம் அணை, சாக்கடை, தொழிற்சாலை என்று பார்த்தாரே தவிர, சுற்றுலா என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. 1908 செப்டம்பர் 28ஆம் தேதி ஹைதராபாத்தில் மூசி ஆறு பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நிஜாம் அரசு அவரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டது. வெள்ளத்தைத் தடுக்க மூசியிலும் அதன் துணை ஆறான ஈசியிலும் நீர்த்தேக்கங்கள் கட்டச் சொன்னார். 1920ல் உஸ்மான் சாகர், 1927ல் ஹிமாயத் சாகர் என்று அவை எழுந்தன. ஹைதராபாத்தில் இருக்கும் நம் நண்பர்கள் வீக்கெண்டில் போய் செல்ஃபி எடுக்கும் கண்டிப்பேட்டை ஏரி அதில் ஒன்று.

மைசூர்: வேலையின் உள்ளடக்கம் என்ன?

1909ல் மைசூர் சமஸ்தானம் தலைமைப் பொறியாளர் பதவிக்கு அழைத்தது. பம்பாயில் கிடைக்காத அதே நாற்காலி. உடனே ஓடவில்லை அவர். தொழிற்கல்வியிலும் தொழில்களிலும் சமஸ்தானத்துக்கு உண்மையில் அக்கறை இருக்கிறதா என்று கேட்டு, தகுந்த பதில் வந்தபின்தான் ஒப்புக்கொண்டார். பதவியின் பெயர் என்ன என்பதைவிட அதில் என்ன செய்ய விடுவார்கள் என்பதை முதலில் பேசிக்கொண்டார்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தும். கிருஷ்ணராஜ சாகர், அதாவது நம் வீடுகளில் ஒவ்வொரு ஜூன் மாதமும் நியூஸில் கேட்கும் கே.ஆர்.எஸ்., அவருடைய பெரிய வேலை. 1911ல் தொடங்கியது. அதற்கு முன்பே 1902ல் இருந்து சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து கோலார் தங்க வயலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் மின்சாரமும் குறையும். வருடம் முழுக்க சீராகத் தண்ணீர் வேண்டும், மண்டியா பக்கம் பாசனமும் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ஒரு அணை என்பதே திட்டம். அந்தச் சுரங்கங்களை நடத்தியது ஒரு பிரிட்டிஷ் தனியார் நிறுவனம். அதற்குள் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு போன்ற மாவட்டங்களில் இருந்து வந்த தமிழர்கள்.

கீழே இருந்த சென்னை மாகாணம் இந்த அணையை எதிர்த்தது. டெல்டாவின் பழைய பாசன உரிமை பாதிக்கும் என்பது வாதம். முதல் கட்டமாக 11 டி.எம்.சி. தேக்கும் அளவுக்கே சம்மதம் கிடைத்தது. அடித்தளத்தை மட்டும் 124 அடிக்கு உயர்த்தக்கூடிய முழு அணைக்குத் தகுந்தபடி அகலமாகப் போட்டார்கள். எஞ்சினியரின் கண்ணில் இது தொலைநோக்கு. தஞ்சாவூர்க் கண்ணில் இது வேறு. 1914ல் நடுவர் தீர்ப்பு, அதற்கு மேல்முறையீடு, கடைசியில் 1924 ஒப்பந்தம், அதன் தொடர்ச்சியாக 1925ல் தொடங்கி 1934ல் முடிந்த மேட்டூர் அணை என்று கதை நீண்டது. கர்நாடகத்தில் அவர் தெய்வம், நமக்கு அவர் எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரி. இரண்டையும் தெரிந்துகொண்டு படிப்பதே நல்லது. தன் சமஸ்தானத்துக்கு நியமிக்கப்பட்ட ஆள் தன் சமஸ்தானத்துக்காக வேலை செய்தார்.

1912ல் திவான் ஆனார். ஒரு எஞ்சினியர் திவான் ஆனது அன்று பெரிய அதிசயம். அடுத்த ஆறு வருடங்களில் நடந்தவற்றை இன்றும் பெங்களூருவில் தொட்டுப் பார்க்கலாம். 1913ல் மைசூர் வங்கி, அது பிறகு ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் ஆகி 2017ல் எஸ்.பி.ஐ.யோடு இணைந்தது. 1916ல் மைசூர் பல்கலைக்கழகம், அதே வருடம் வணிகர் சங்கம். 1917ல் இன்று யு.வி.சி.இ. என்று அழைக்கப்படும் எஞ்சினியரிங் கல்லூரி.

சந்தன சோப்பு தனிக் கதை. மைசூர் காட்டுச் சந்தனக் கட்டை ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, அங்கே எண்ணெய் ஆகிக்கொண்டிருந்தது. 1914ல் முதல் உலகப் போர் வந்ததும் கப்பல் நின்றது, கட்டை குவிந்தது. நாமே எண்ணெய் எடுத்தால் என்ன என்று இந்திய அறிவியல் கழகத்தின் வேதியியல் பேராசிரியர்களை வைத்து பெங்களூருவில் எண்ணெய் வடிப்பு தொடங்கினார்கள். அந்த எண்ணெயில் இருந்து வந்ததுதான் முட்டை வடிவ மைசூர் சாண்டல் சோப்பு. சப்ளை செயின் அறுந்தபோது புதுத் தொழில் பிறப்பதை நாம் கோவிட் காலத்தில் பார்த்தோம், இது அதற்கு நூறு வருடம் முந்தையது.

இரண்டாவது ராஜினாமா

1918 டிசம்பரில் திவான் பதவியையும் விட்டார். முதல் விலகலைப் பாடப்புத்தகங்கள் பெருமையாகச் சொல்கின்றன. இரண்டாவதைச் சொல்லும்போது குரல் தணிந்துவிடுகிறது.

மைசூர் அரசு வேலைகளில் பிராமணர்களே நிறைந்திருந்தார்கள். மற்ற சமூகத்தினர் 1917ல் பிரஜா மித்ர மண்டலி என்ற அமைப்பாகத் திரண்டு, வேலையிலும் கல்வியிலும் பங்கு கேட்டு மகாராஜாவிடம் போனார்கள். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அதை நியாயம் என்று கண்டு, தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். விஸ்வேஸ்வரய்யா இதை ஏற்கவில்லை. தகுதியைத் தாண்டி சமூக அடிப்படையில் வேலை கொடுத்தால் நிர்வாகத் திறன் குறையும், எல்லோருக்கும் கல்வியைக் கொடுத்து முன்னேற்றுவதே வழி என்பது அவர் நிலைப்பாடு. மகாராஜாவோடு ஒத்துப்போக முடியாத நிலையில் விலகினார். 1921ல் மைசூரில் பின்தங்கிய சமூகங்களுக்கு இட ஒதுக்கீட்டு ஆணை வந்தது. அதே 1921ல் சென்னையில் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி ஆணை போட்டது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. பம்பாயில் அவரை மேலே விடாமல் தடுத்தது திறமைக் குறைவு அல்ல, பிறப்பு. வெள்ளைக்காரர் அல்ல என்பதே காரணம். அந்தக் கதவை வெறுத்து வெளியே வந்தவர், தன் சமஸ்தானத்தில் பிறப்பால் கதவு சாத்தப்பட்டிருந்த மற்றவர்கள் அதைத் திறக்கச் சொன்னபோது, தகுதி என்ற சொல்லைக் கையில் எடுத்தார். கூப்பர்ஸ் ஹில்லில் இருந்து வந்தவர்களும் தங்கள் இடத்துக்குத் தகுதி என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். டியூஷன் எடுத்துப் படித்த ஏழைப் பையனுக்குப் பணக் கஷ்டம் தெரியும். எழுத்தும் படிப்பும் தலைமுறையாக வீட்டில் இருந்ததை அவர் ஒரு சொத்தாகக் கணக்கில் எடுக்கவில்லை என்றே தோன்றுகிறது.

அதே நேரம், கொள்கையில் ஒத்துப்போகாதபோது பதவியில் ஒட்டிக்கொண்டு உள்ளிருந்தே குழி பறிக்கவில்லை. விலகினார், அவ்வளவுதான்.

இனி தனியார்

அதற்குப் பிறகு அவர் எந்த அரசின் நிரந்தர ஊழியரும் இல்லை. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று மறுபடி ஒரு நீண்ட பயணம். நகராட்சிகளும் மாகாண அரசுகளும் குழுக்களுக்கும் ஆலோசனைகளுக்கும் கூப்பிட்டன. இன்றைக்கு லிங்க்ட்இன்னில் இண்டிபென்டென்ட் கன்சல்டன்ட் என்று போட்டுக்கொள்வோமே, அந்த வாழ்க்கை.

1923ல் மைசூரே திரும்ப வந்து கதவைத் தட்டியது. பத்ராவதியில் சமஸ்தானம் தொடங்கிய இரும்பாலை, அவர் திவானாக இருந்தபோது வகுத்த திட்டம்தான், தள்ளாடிக்கொண்டிருந்தது. நிலக்கரிக்குப் பதில் காட்டு மரத்தில் இருந்து எடுத்த கரியால் இரும்பு உருக்கும் ஆலை அது. போர் முடிந்ததும் இரும்பு விலை சரிந்திருந்தது, வெளிநாட்டு நிபுணர்களின் சம்பளமோ ஏறிக்கொண்டே போனது. விஸ்வேஸ்வரய்யா நிர்வாகக் குழுத் தலைவரானார். செலவைக் குறைத்தார், வெளிநாட்டவர் இடங்களில் இந்தியர்களைப் பழக்கி உட்காரவைத்தார். அரசின் சொத்து, ஆனால் கம்பெனி போல லாப நட்டம் பார்த்து நடத்த வேண்டும். இன்று பி.எஸ்.யூ. என்று சொல்லும் மிருகத்தின் முன்னோடிகளில் ஒன்று. அந்த ஆலைக்கு இப்போது அவர் பெயர். அதை மூடுவது பற்றிய பேச்சும் தொழிலாளர்களின் எதிர்ப்பும் அண்மை வருடங்களில் அடிக்கடி செய்தியாகின்றன.

1927ல் டாடா இரும்பு எஃகு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். 1955 வரை, அதாவது 28 வருடம் அங்கே இருந்தார். 1934ல் இந்தியாவுக்கு ஒரு பத்தாண்டுத் திட்டத்தைப் புத்தகமாகவே எழுதினார். ஐந்தாண்டுத் திட்டங்கள் வர இன்னும் 17 வருடம் இருந்தது.

ஆனா அவர் மிகவும் ஆசைப்பட்டது கார் தயாரிப்பு. 1935ல், எழுபதைத் தாண்டிய வயதில், கார் தொழிற்சாலைகளைப் பார்ப்பதற்காக மட்டும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார். திரும்பி வந்து செலவுக் கணக்கோடு ஒரு திட்டம் போட்டார். தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் கைகோத்தார். பம்பாயில் 1937ல் வந்த காங்கிரஸ் அரசு உதவ முன்வந்தது. 1939ல் போர் வந்தது, அந்த அரசு விலகியது. போர்க்காலத்துக்கு இது அவசியமில்லை என்று தில்லியின் பிரிட்டிஷ் அரசு கைவிரித்தது. மைசூரில் தொடங்கப் பார்த்தார்கள், அதுவும் நடக்கவில்லை. அரசு வேலையை விட்டு வந்தால் அரசு விடாது என்பதை அவர் அப்போது நன்றாகவே கற்றிருப்பார். லைசென்ஸ், அனுமதி, அந்நிய இயந்திரம், எல்லாவற்றுக்கும் அதே மேஜைகளின் முன் போய் நிற்க வேண்டும், இந்தத் தடவை எதிர்ப்பக்க நாற்காலியில்.

வால்சந்த் பிறகு 1944ல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொடங்கினார். நம் அப்பாக்கள் காலத்து பத்மினி கார் அந்தக் கம்பெனியுடையது. பெங்களூருவுக்குக் கார் வரவில்லை, விமானம் வந்தது. 1940 டிசம்பரில் அதே வால்சந்த், மைசூர் அரசின் பங்கோடு இங்கே இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொடங்கினார். 1942ல் அவருடைய பங்கை இந்திய அரசு வாங்கிக்கொண்டது. தனியாராகப் பிறந்து அரசுடையதாக வளர்ந்த அந்த நிறுவனம்தான் இன்றைய எச்.ஏ.எல். அங்கே வேலை பார்த்துக்கொண்டு தனியாருக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் இந்தத் தகவலை எங்காவது குறித்துவைத்துக்கொள்ளலாம்.

1941ல் தொழில் உற்பத்தியாளர்களுக்காக அகில இந்திய அளவில் ஒரு சங்கத்தைத் தொடங்கி அதன் தலைவராக இருந்தார். சிறு தொழில்காரர்களுக்கு அரசிடம் பேச ஒரு குரல் வேண்டும் என்பது நோக்கம். 1951ல் தன் பணி வாழ்க்கையின் நினைவுகளை எழுதினார். அதில் குடும்பம், கண்ணீர் எல்லாம் தேடினால் ஏமாற்றமே. எல்லாம் வேலை. 1955ல் பாரத ரத்னா வந்தது. 1962ல், நூறாவது பிறந்தநாளையும் பார்த்துவிட்டு, பெங்களூருவில் இறந்தார்.

இன்னொரு விஷயம் பாக்கி. பத்ராவதி ஆலைக்கு உழைத்ததற்காகச் சேர்ந்திருந்த ஊதியத்தை அவர் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பணத்தில் கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் ஒரு நிலையம் தொடங்குமாறு சமஸ்தானத்தைக் கேட்டுக்கொண்டார். தன் பெயர் வேண்டாம், மகாராஜா பெயர் இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார். ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர தொழிற்பயிற்சி நிலையம் என்று தொடங்கியது, இப்போது அரசு பாலிடெக்னிக்காக கே.ஆர். சர்க்கிள் பக்கம் இருக்கிறது. சென்ட்ரல் காலேஜ் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் நடந்து போகும் தூரம்தான்.